ஏசியே தொடாத கடைக்கு ஏசி ரிப்பேர் சரியில்லைன்னு ஒரு ஸ்டார்!

எங்கள் அப்பா கோயம்புத்தூரில் 31 வருஷமாக மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறார். அது ரெண்டு மட்டும்தான். ஃபேன் கொண்டு வந்தால்கூட "பக்கத்துத் தெருவுல குடுங்க" என்று அனுப்பிவிடுவார். அந்தக் கடையின் மேப் பக்கத்தில் போன மாதம் ஒரு மகராசன் வந்து ஒரு ஸ்டார் குத்திவிட்டுப் போயிருக்கிறார். "ஏசி கேஸ் ஃபில் பண்ணி ரெண்டே நாள்ல கூலிங் போச்சு. ஃபிராடு பசங்க. யாரும் போகாதீங்க."

ஏசி! எங்கள் கடையில் காற்றுக்கு இருப்பதே கழுத்து சாய்ந்த ஒரு டேபிள் ஃபேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தை விடுங்கள். அப்பா என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பில் புக்கை எடுத்து வைத்து, மூன்று மாதத்து கார்பன் காப்பியை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அந்தப் பேரில் யாராவது வந்தார்களா, ஜாருக்கு புஷ் மாற்றியதில் ஏதாவது குறை வைத்துவிட்டோமா என்று தேடுகிறார் மனுஷர். "ஏசின்னு தெரியாம போட்டிருப்பாரும்மா, மிக்ஸியாத்தான் இருக்கும்" என்கிறார். மிக்ஸிக்கு எவனாவது கேஸ் ஃபில் பண்ணுவானாப்பா? ராத்திரி ஒன்பதரை வரைக்கும் அவர் அந்தப் புக்கை மூடவில்லை.

அதே வாரத்தில் இன்னும் நாலு ஒரு ஸ்டார். எழுத்து ஒரு வரி கிடையாது, போட்டவர்களுக்கு முகமும் கிடையாது. இது என்ன பண்ணும் என்று கணக்கைப் பாருங்கள். அதுவரை எங்களுக்கு ரிவ்யூ போட்டவர்கள் 40 பேர். 32 பேர் ஐந்து ஸ்டார், 8 பேர் நாலு. சராசரி 4.8. இந்த ஐந்து விழுந்ததும் 4.4. மறுபடி பழைய 4.8 வர எத்தனை ஐந்து ஸ்டார் வேண்டும் என்று பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 95! ஐந்து பேர் உட்கார்ந்த இடத்திலிருந்து இடித்ததை எழுப்ப 95 பேர் வேண்டும். அந்த 40 பேர் சேரவே எங்களுக்கு ஆறு வருஷம் ஆனது.

ஏன் ஆறு வருஷம் என்றால், வேலை நன்றாக நடந்தால் யாரும் எழுதுவதில்லை. கார்பன் பிரஷ் மாற்றி, பட்டனைத் தட்டி, மிக்ஸி உறுமுகிற சத்தம் காதில் விழுந்ததும் 150 ரூபாயைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். வீட்டுக்குப் போய் சட்னி அரைப்பார்களா, மேப்பைத் திறந்து வைத்துக் கட்டுரை எழுதுவார்களா? சிங்காநல்லூரிலிருந்து வருகிற அக்கா ஒருத்தர் பாவம், நான் கேட்டேன் என்பதற்காக முயற்சி பண்ணினார். போன் பாஸ்வேர்டு கேட்டது. "பையன் வந்ததும் போடச் சொல்றேன் கண்ணு" என்று போனவர்தான். இன்னொரு தம்பி நேரடியாகவே கேட்டான், "அஞ்சு ஸ்டார் போட்டா எவ்ளோ கம்மி பண்ணுவீங்க?" தள்ளுபடி கொடுத்து ரிவ்யூ வாங்கக்கூடாது என்று மேப் விதியிலேயே இருக்கிறது. திருப்தியான ஆளாகப் பொறுக்கி எடுத்துக் கேட்பதும் தப்பாம். விதியை நாங்கள் மட்டும் படித்துக்கொண்டிருக்கிறோம் போல.

மேப் கம்பெனியிடம் புகார் கொடுத்தேன். "விதிமீறல் எதுவும் காணப்படவில்லை" என்று பதில். அவர்கள் பார்ப்பது விதியை மீறிய எழுத்தா என்பதை மட்டும்தானாம். அந்த ஆள் நிஜமாகவே கடைக்கு வந்தானா என்ற பஞ்சாயத்துக்கு வரமாட்டார்களாம். சரி, அதை விடுங்கள்.

சரியாக ரெண்டாம் நாள் போன் வருகிறது. "மேடம், உங்க ரேட்டிங் டிராப் ஆயிருக்கே, பாத்தீங்களா?" அந்த மேப்பை நடத்துகிற பெரிய கம்பெனியின் பேரைச் சொல்லி, அங்கேருந்துதான் பேசுகிறோம் என்கிறான். எங்கள் வீட்டு இழவு இவனுக்கு எப்படி அதற்குள் தெரிந்தது என்று நான் யோசிக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? கையில் சாட்சி இல்லை, அதனால் அதற்கு மேல் சொல்லவில்லை. மாதம் 7,500 கட்டினால் முதல் பக்கம் கியாரண்டி, கூட 4,000 கொடுத்தால் 50 ரிவ்யூ. "யாருங்க போடுவாங்க?" என்றேன். "அதெல்லாம் எங்க டீம் பாத்துக்கும் மேடம், எல்லாம் லோக்கல் ஐடிதான்."

கியாரண்டியாம் கியாரண்டி! மேப்பில் கடையைச் சேர்க்கக் காசே கிடையாது. தேடுகிறவர் கேட்டதற்கும் கடைக்கும் எவ்வளவு பொருத்தம், கடை எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் அறிந்த கடை, இந்த மூன்றையும் வைத்துத்தான் வரிசை போடுகிறார்கள். காசு கொடுத்து அந்த வரிசையில் ஏற முடியாது என்று அவர்களே உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூருக்குள்ளேயே ராமநாதபுரத்தில் நின்று தேடுகிறவருக்கும் சாய்பாபா காலனியில் நின்று தேடுகிறவருக்கும் ஒரே பட்டியல் வராது. இதில் எந்த 'முதல் பக்கத்தை' இவன் எனக்கு விற்கிறான்?

சரி, அதே கம்பெனியின் விளம்பரமாவது நேர்வழியாச்சே என்று நானே 3,000 ரூபாய் போட்டுப் பார்த்தேன். 140 க்ளிக். ஒரு தட்டலுக்கு 21 ரூபாய்க்கு மேலே, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வந்த போன் ஒன்பது. அதில் மூன்று பேர் ஃபிரிட்ஜ், ரெண்டு பேர் "புது மிக்ஸி என்ன விலைங்க?", ஒருத்தர் சேலத்திலிருந்து. அப்புறம்தான் கண்டுபிடித்தேன். 'ப்ராட் மேட்ச்' என்று ஒன்று தானாகவே போட்டிருக்கிறது, நாம் சொன்ன கீவேர்டுக்கு, அதாவது தேடல் வார்த்தைக்கு, ஒன்றுவிட்ட சித்தப்பா முறை ஆகிற தேடலுக்கெல்லாம் விளம்பரம் போகும். ஊர் விஷயத்திலும் அப்படியே. கோயம்புத்தூரில் இருப்பவர் மட்டுமல்ல, கோயம்புத்தூர் மேல் 'ஆர்வம்' காட்டுகிறவருக்கும் காட்டுவார்களாம். ஆர்வம்! அடிக்கல் ஆட்டம் காணும் கிரைண்டரை யார் சேலத்திலிருந்து ஆர்வத்தோடு தூக்கிக்கொண்டு வருவார்கள்?

இதையெல்லாம் தாண்டி ஒரு கொடுமை. எங்கள் கடைப் பேரையே போட்டுத் தேடினால் மேலே வேறொரு கடையின் விளம்பரம் வருகிறது. போன் பண்ணின அந்த ஏஜென்ட்டைக் கேட்டால், "நீங்களும் உங்க பேருக்கு பிட் பண்ணுங்க மேடம்" என்கிறான். எங்கள் தாத்தா வைத்த பேருங்க அது! அதற்கு நான் ஏலம் எடுக்கணுமாம்.

கேட்க நாதி உண்டா? 2022 நவம்பரில் மத்திய அரசு ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று ஐஎஸ் 19000:2022 என்று ஒரு தரநிர்ணயம் கொண்டுவந்தது. எழுதுகிறவர் யார் என்று சரிபார்க்க வேண்டும், காசுக்கு எழுதியதைப் போடக்கூடாது என்றெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விருப்பப்பட்டவர்கள் கடைப்பிடிக்கலாம் என்று விட்டார்கள். யாருக்கு விருப்பம் வரும்? அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து பொய் ரிவ்யூ விற்றாலும் வாங்கினாலும் அபராதம் போட விதி வந்துவிட்டது. இங்கே அதற்கு மாதாந்திர பேக்கேஜ் போட்டு, ஜிஎஸ்டி பில்லோடு தருகிறேன் என்கிறார்கள்.

அப்பா அந்த ஏசிக்காரருக்கு பதில் போடச் சொன்னார். வாயால் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணினேன். "ஐயா வணக்கம். எங்க கடையில ஏசி வேலை பாக்கறதில்லீங்க. வேற கடைன்னு நினைச்சு போட்டிருப்பீங்க போல. பரவாயில்லீங்க. வீட்ல மிக்ஸி, கிரைண்டர் ஏதாச்சும் ரிப்பேர் இருந்தா கொண்டு வாங்க, பாத்துத் தர்றேன்."

நேற்று அந்த ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டான். பதிலைப் படித்தானாம். "அதை எடுத்துடுங்க மேடம். அதுல ஒரு கீவேர்டுகூட இல்ல."