கதைக்கிற பிள்ளைக்கு என்ன பிரச்சினை?

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை மூன்று வயதாகியும் வாய் திறக்கவில்லை என்றால் வீட்டில் எல்லோருக்கும் கவலை வந்துவிடும். அம்மம்மா வசம்பு உரைச்சு நாக்கில் தடவுவா. அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பா. "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்ற சமாதானத்தில் ஒரு வருசம் போகும். ஆனாலும் கடைசியில் யாராவது அந்தப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

கண்ணில் படாமலே போகிற பிள்ளை வேறு. அது நாள் முழுக்கக் கதைக்கும். தேவாரம் பிசகாமல் பாடும். வாய்ப்பாடு ஒப்பிக்கும். இன்னொருவரோடு சேர்ந்து கதைக்கத்தான் அதற்குத் தெரியாது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவு படிப்பிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், வகுப்பில் அதிகம் அடி வாங்குகிறது இந்தப் பிள்ளைதான். மாணவருக்கு அடிக்கக்கூடாது என்று 2005இலேயே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்துவிட்டது. அப்படியிருந்தும் "வாய் காட்டுது", "மரியாதை தெரியாது", "வேணுமெண்டு செய்யுது" என்று சொல்லிச் சொல்லியே அடிக்கிறார்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். "தம்பி, அந்தக் கதவைச் சாத்த ஏலுமோ?" என்று ஒரு ரீச்சர் கேட்டால் "ஏலும்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பான். வகுப்பு சிரிக்கும். ரீச்சருக்குக் கோபம் வரும். அவனுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றும் தெரியாது, ஏன் கோபம் என்றும் தெரியாது. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தானே அவன் சொன்னான்? அதிபரையும் 'நீ' என்பான், பக்கத்து மேசைப் பிள்ளையையும் 'நீ' என்பான். நீ, நீர், நீங்கள் என்று ஆளுக்கேற்ற மாதிரி மாற்றிக் கதைக்க எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொள்கிறார்கள். அவனுக்கு அது பிடிபடவில்லை.

இன்னொன்று, வன்னியில் இருக்கிறவர்களுக்குத்தான் இதன் பாரம் விளங்கும். எங்கள் பல வீடுகளின் சுவரில் மாலை போடாத படம் ஒன்று இருக்கும். 2009இல் போர் முடிந்த பிறகும் இன்னும் வராத ஒருவருடைய படம். அந்த வீட்டுக்குப் போகிற சின்னப் பிள்ளைக்குக்கூட அதைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று எப்படியோ தெரிந்துவிடும். இந்தப் பையன் போகிற நேரமெல்லாம் கேட்பான்: "இந்த மாமா செத்திட்டாரோ? அப்ப ஏன் மாலை போடேல்லை?" அந்த வீட்டு ஆச்சி எழும்பி உள்ளே போய்விடுவா. அவனைத் தாய் வெளியே இழுத்துக்கொண்டு போய் அடிப்பா. அடுத்த முறையும் அவன் அதையே கேட்பான். சொல்லாமல் விட்டதை விளங்கிக்கொள்ள முடியாத பிள்ளைக்கு எங்கள் ஊர் மிகக் கடினமான இடம். ஏனென்றால் இங்கே பாதி விசயம் சொல்லாமல்தான் இருக்கிறது.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய உதவும் டிஎஸ்எம்-5 கையேட்டில் சமூகத் தொடர்பாடல் குறைபாடு என்பது தனியான ஒரு நோயறிதலாக முதன்முதலில் சேர்க்கப்பட்டது. வணக்கம் சொல்வது, ஒரு செய்தியைப் பகிர்வது போன்ற சமூகத் தேவைகளுக்குப் பேச்சைப் பயன்படுத்துவதில் சிரமம். இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்றபடி பேச்சை மாற்றுவதில் சிரமம். முறை வைத்துக் கதைப்பது, கதையைக் கோர்வையாகச் சொல்வது வராது. நேரே சொல்லாததை ஊகிக்க முடியாது. இந்த நான்கும் சிறு வயதிலிருந்தே இருந்து, பிள்ளையின் படிப்பையோ பழக்கத்தையோ உண்மையில் பாதிக்கவேண்டும். நான்கு, ஐந்து வயதுக்கு முன் இதை உறுதியாகச் சொல்வது அரிது, ஏனென்றால் அதற்குப் போதுமான பேச்சு முதலில் வந்திருக்க வேண்டும். சில பிள்ளைகளில் பதின்ம வயது வரும்வரை வெளியே தெரியாமலும் இருக்கலாம்.

ஆட்டிசத்திலும் இந்தச் சிரமங்கள் இருக்கும். ஆனால் ஆட்டிசம் என்று சொல்ல வேறு சிலவும் வேண்டும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒரே விசயத்தில் அளவுக்கு மீறிய பிடிப்பு, வழக்கம் மாறினால் தாங்கமுடியாமை, சத்தத்துக்கோ தொடுகைக்கோ வழக்கத்துக்கு மாறான எதிர்வினை போன்றவை. இவை இப்போதும் இல்லை, முன்பும் இருந்ததில்லை என்று பார்த்த பிறகுதான் சமூகத் தொடர்பாடல் குறைபாடு என்ற பெயரைச் சொல்லவேண்டும். அதனால்தான் தாயிடம் நீண்ட வரலாறு கேட்கவேண்டியிருக்கிறது. இதற்கு இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. கடன்பட்டு தனியார் இடங்களில் ஸ்கேன் எடுக்கிற பெற்றோரைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. கவனித்துப் பார்ப்பதும் கேட்டறிவதும்தான் இங்கே பரிசோதனை.

கவனிப்பு என்றால் எந்த மொழியில், யார் கவனிப்பது? என்னுடைய கோபம் முழுக்க இதில்தான்.

நாட்டில் பேச்சு மொழி சிகிச்சையாளருக்கான பட்டப்படிப்பு நீண்டகாலம் நடந்துவருவது களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில். அங்கிருந்து வருகிறவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. நல்ல மனதோடு வன்னிக்கு வந்து வேலை செய்கிற சிங்களச் சகோதரர்களை நான் குறை சொல்லவே இல்லை. ஒரு பிள்ளைக்கு எலும்பு முறிந்திருக்கிறதா என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்கலாம். ஆனால் ஒரு பிள்ளை முறை வைத்துக் கதைக்கிறதா, பெரியவருக்கும் சின்னவருக்கும் பேச்சை மாற்றுகிறதா, மறைபொருள் விளங்குகிறதா என்பதை மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்து எப்படிப் பார்ப்பது? பார்க்கவேண்டியது எதுவோ அதுவே மொழிபெயர்ப்பில் போய்விடுகிறது. பிள்ளை 'நீ' என்று சொன்னதை இடையில் நின்றவர் மரியாதையாக்கிச் சொல்லிவிட்டால் முடிந்தது.

வெளியிலிருந்து வந்த கேள்விக்கொத்தை அப்படியே பயன்படுத்தினாலும் இதே சிக்கல்தான். பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் செய்து 2009இல் வெளியிட்ட இலங்கை ஆய்வில், 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஆட்டிசம் கண்டறியப்பட்டது. ஆனால் தாய்மார் பதில் சொல்லும் எம்-சற் என்ற கேள்விக்கொத்து அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோரைப் பிடிக்கவில்லை. பிறகு அவர்கள் படங்களைக் கொண்ட ஒரு கருவியை உருவாக்கினார்கள். சிங்களச் சூழலிலேயே இப்படியென்றால், வன்னித் தாயிடம் "உங்கள் பிள்ளை கண்ணைப் பார்த்துப் பேசுமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? பெரியவர் பேசும்போது தலையைக் குனி என்று நாங்களே சொல்லி வளர்க்கிறோம். ஒன்றில் அதைக் குறையாக எழுதிவிடுவார்கள், இல்லையென்றால் உண்மையான குறையைத் தாய் நல்லொழுக்கம் என்று நினைத்துவிடுவாள்.

மொழி தெரிந்தவருக்குச் சோதனைப் பொருள் எங்கள் கையிலேயே இருக்கிறது. வடை சுட்ட பாட்டி கதையைப் பிள்ளையிடம் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு "நரி ஏன் காகத்தைப் பாடச் சொன்னது?" என்று கேளுங்கள். "நரிக்குப் பாட்டு விருப்பம்" என்று ஏழு, எட்டு வயதிலும் ஒரு பிள்ளை சொன்னால், விளங்கப்படுத்திய பிறகும் அதையே சொன்னால், மற்றக் கதைகளிலும் இதே மாதிரி என்றால், கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். இந்த ஒரு பதிலை வைத்து யாருக்கும் பெயர் சூட்டிவிடாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அவசரப்பட்டுப் பெயர் சூட்டுவதும் எனக்குப் பயம்தான். முதலில் காது. காதில் சீழ் வடிந்து வடிந்து அரைகுறையாகக் கேட்கிற பிள்ளை சம்பந்தமில்லாமல்தான் பதில் சொல்லும். வீட்டில் வாயாடி, பள்ளிக்கூடத்தில் ஊமை என்றால் அது பயத்தோடு தொடர்புடைய வேறு நிலை. நன்றாகப் பழகிய பிள்ளை ஒரு சாவுக்கோ, தகப்பன் வெளிநாடு போனதற்கோ, வீட்டுச் சண்டைக்கோ பிறகு ஒடுங்கிப்போனால் அந்த மாற்றத்துக்கு முன்பும் பின்பும் எப்படி இருந்தது என்று கேட்கவேண்டும். வளர்ச்சிக் குறைபாடு ஒரு நாளில் தொடங்குவதில்லை. போரைக் கண்ட தாய்மாரின் மனக்காயமும் பிள்ளையோடு அவர்கள் கதைக்கிற அளவைக் குறைக்கும். இதற்காகத் தாயைக் குற்றவாளி ஆக்கக்கூடாது. போனைக் கொடுத்ததால்தான் ஆட்டிசம் வந்தது என்று சொல்லித் திரிகிறவர்களும் தயவுசெய்து நிறுத்துங்கள். போன் பிள்ளையோடு கதைக்கிற நேரத்தைத் தின்கிறது, அது உண்மை. அதற்காகத் தாய்தான் நோயைக் கொடுத்தாள் என்று சொல்ல ஆதாரம் கிடையாது.

"பேர் வைச்சு என்ன பிரயோசனம், நாளைக்குப் பொம்பிளைப் பிள்ளைக்குக் கலியாணம் பேசேக்க இதையும் சொல்லுவினம்" என்று ஒரு அம்மா என்னிடம் அழுதா. அவவின் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏற்கனவே பெயர் வைத்தாயிற்று. திமிர் பிடிச்சது, விசரி. மருத்துவர் சொல்கிற பெயராவது அடியை நிறுத்தும். அதோடு, பெயர் வரும்வரை உதவியை நிறுத்தி வைக்கவேண்டிய தேவையும் இல்லை. "கதவைச் சாத்த ஏலுமோ" என்று கேட்காமல் "கதவைச் சாத்தும்" என்று நேரே சொல்ல ஒரு ரீச்சருக்கு யாருடைய அனுமதி வேண்டும்? யாரை எப்படிக் கூப்பிடுவது, செத்த வீட்டில் என்ன கேட்கக்கூடாது என்று மற்றப் பிள்ளைகள் தாமாகப் பிடிப்பதை இந்தப் பிள்ளைக்கு ஆறுதலாக, நடித்துக் காட்டிச் சொல்லிக் கொடுக்கலாம்.

முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். பரந்தன் வந்து, ஆனையிறவு தாண்டிப் போய்வர ஒரு கூலித் தொழிலாளியின் நாள் சம்பளம் போகும், செலவு வேறு. அங்கே கிடைக்கிற சில நிமிசத்தில், பழக்கமில்லாத அறையில், பிள்ளை நல்ல பிள்ளையாக எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு வந்துவிடும். சிக்கல் தெரிவது வகுப்பிலும் விளையாட்டு முற்றத்திலும்தான்.

ஆகவே சுகாதாரத் திணைக்களத்திடமும் கல்வித் திணைக்களத்திடமும் கேட்கிறேன். தமிழ் பேசும் பேச்சு சிகிச்சையாளர் ஒருவர் குறித்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்கே வந்து பிள்ளையைப் பார்க்க ஒழுங்கு செய்யுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் படிப்புக்குப் போக ஊக்கம் கொடுங்கள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற எத்தனை பேருக்கு இப்படியொரு துறை இருப்பதே தெரியும்?

முன்பள்ளி ரீச்சர்மாரிடமும் ஆரம்பப் பிரிவு ரீச்சர்மாரிடமும் ஒரு வேலை கேட்கிறேன். பெற்றோர் கிளினிக்குக்குப் போகும்போது ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். "மந்தம்", "குழப்படி" என்று எழுதவேண்டாம். நடந்ததை எழுதுங்கள். யார் என்ன கேட்டது, பிள்ளை சொன்ன பதில் சொல்லுக்குச் சொல் என்ன, அது யாரோடு விளையாடுகிறது, விளையாட்டில் எந்த இடத்தில் சண்டை வருகிறது, வீட்டிலும் இப்படியா என்று தாய் சொன்னது. திகதியும் போடுங்கள். காது பரிசோதித்த துண்டு இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.