ஒரு ஊருக்கு ஒரு சர்ச் போதும்: டான்யூப் கப்பலுக்குக் கிளம்பும் நீலகிரிக்காரர்களுக்கு

டான்யூப் நதியில் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டியிருக்கும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு ஒரு யோசனை. கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் நம்ம ஊர் செயின்ட் ஸ்டீபன் சர்ச்சுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். சிரிக்காதீர்கள். ஏழு நாளில் பதினைந்து சர்ச் பார்த்துவிட்டு வந்து, போனில் இருக்கும் படங்களில் எது பாஸாவ், எது வியன்னா என்று தெரியாமல் முழிக்கிறவர்கள்தான் அதிகம். ஒரு சர்ச்சுக்குள் நுழைந்தால் எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை, கலெக்டர் ஆபீஸ் மேடு வரை போனால் போதும்.

உள்ளே போனதும் நேராக முன்னால் நடக்காதீர்கள். கடைசி பெஞ்சில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வெளிச்சத்தில் இருந்து வந்த கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். பிறகு மேலே பாருங்கள். அந்த உத்திரங்களும் மரச்சாமான்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. 1799இல் திப்பு விழுந்தார். 1829 ஏப்ரல் 23இல் சென்னை கவர்னர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் இங்கே அடிக்கல் போட்டார். கேப்டன் அண்டர்வுட் கட்டிய இந்தக் கட்டடத்தை 1830 நவம்பர் 5இல் கல்கத்தா பிஷப் பிரதிஷ்டை செய்தார். மறு வருஷம் ஈஸ்டருக்கு மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தோற்றுப்போன ராஜாவின் வீட்டு மரம் ஜெயித்தவர்களின் ஜெபவீட்டுக் கூரையானது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வியன்னாவில் தேவைப்படும்.

அடுத்தது ஜன்னல். வண்ணக் கண்ணாடியை வெயில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகப் பார்க்க வேண்டும். பழைய சர்ச்சுகளில் பீடம் பெரும்பாலும் கிழக்கே இருக்கும். அதனால் பீடத்துக்குப் பின்னால் உள்ள கண்ணாடிக்குக் காலை, வாசலுக்கு மேலே உள்ள கண்ணாடிக்கு மாலை. மத்தியானம் போய் நின்றுகொண்டு கண்ணாடி மங்கலாக இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை. கடைசியாக வெளியே வந்து கல்லறைத் தோட்டத்தில் நாலு கல்லையாவது வாசியுங்கள், செத்தவரின் வயசையும் சேர்த்து. ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். கூரை, ஜன்னல், கல்லறை. இந்த வரிசை கைவந்துவிட்டால் எந்த ஊர் சர்ச்சிலும் தொலைந்துபோக மாட்டீர்கள்.

இனி கப்பல் விஷயம்.

கப்பல்காரர்கள் கொடுக்கும் அரை நாள் சுற்றுலாவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றரை மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். எல்லாரும் இறங்கிக் கூடுவதற்குக் கால் மணி, பஸ்ஸில் போக வர ஒரு மணி, கழிப்பறைக்குக் கால் மணி, சதுக்கத்தில் நின்று வழிகாட்டி சொல்லும் சரித்திரம் ஒரு மணி, "ஃப்ரீ டைம்" என்ற பேரில் கடை வாசலில் முக்கால் மணி. சர்ச்சுக்குள் இருப்பது இருபது நிமிடம் தேறினால் அதிர்ஷ்டம். ஊட்டிக்கு வேனில் வந்து தொட்டபெட்டா, கார்டன், ஏரி, சாக்லேட் கடை என்று ஒரே நாளில் முடித்துவிட்டு இறங்குகிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோமே, அதையேதான் அங்கே போய் நாம் செய்கிறோம்.

என் கட்சி இதுதான்: ஒரு ஊருக்கு ஒரு சர்ச், அதில் முழுசாக ஒரு மணி நேரம். மீதி சர்ச்சுகளை வெளியில் இருந்து கும்பிட்டுக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் இருக்கும் பாஸாவில் கப்பல் பழைய ஊரின் ஓரத்திலேயே நிற்கும். கைடு வேண்டாம், செயின்ட் ஸ்டீபன் கதீட்ரலுக்கு நடந்தே போய்விடலாம். 1662இல் ஊர் தீப்பற்றி எரிந்த பிறகு கார்லோ லுராகோ என்ற இத்தாலியர் பரோக் பாணியில் திரும்பக் கட்டியது. உள்ளே சுண்ணச் சுதை வேலைப்பாடு முழுக்க வெள்ளை வெளேரென்று இருக்கும். இங்கே விசேஷம் ஆர்கன், காற்றுக் குழல்களில் ஒலிக்கும் பெரிய சர்ச் வாத்தியம். கிட்டத்தட்ட 18,000 குழல்கள், ஐந்து தனித்தனி ஆர்கன்கள், ஒரே மேசையில் இருந்து வாசிக்கலாம். கோடை மாதங்களில் வார நாட்களில் பகல் 12 மணிக்கு அரை மணி நேரக் கச்சேரி வைப்பது வழக்கம். அதற்காக முற்பகலிலேயே சுற்றிப் பார்க்க வருகிறவர்களை வெளியேற்றிவிட்டு, டிக்கெட்டோடு திரும்ப உள்ளே விடுவார்கள். பதினொன்றேகாலுக்குப் போய் "ஏன் சாத்தியிருக்கிறது" என்று கதவைத் தள்ளிப் பார்ப்பவர்கள் தினமும் உண்டு. கச்சேரி நாட்கள் மாறும், கிளம்பும் வாரத்தில் கதீட்ரலின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். திரும்பும் வழியில் நகர மன்றச் சுவரில் வெள்ள மட்டக் குறிகளைத் தேடுங்கள். 2013 ஜூனில் 12.89 மீட்டர். டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் சேரும் ஊர் அது. குன்னூர் மழையும் மண்சரிவும் பார்த்தவர்களுக்கு அந்தக் குறிகள் கதீட்ரலை விட அதிகமாகப் பேசும்.

ஆஸ்திரியாவில் இருக்கும் மெல்க் மட்டும் விதிவிலக்கு. அங்கே கூட்டத்தோடு போங்கள். 1089இல் வந்த பெனடிக்டின் துறவிகளின் மடம், இப்போது நிற்கும் மஞ்சள் கட்டடம் 1702இல் தொடங்கி யாக்கோப் பிராண்ட்டாவர் எழுப்பியது. நேரம் குறித்த டிக்கெட்டைக் கப்பல்காரர்கள் முன்கூட்டியே எடுத்துவைத்திருப்பார்கள், தனியாகப் போனால் வரிசையில் நிற்க வேண்டும். மேடு ஏற பஸ் விடுவார்கள். இறங்கும்போது நடந்தே வரலாம். மியூசியத்திலும் நூலகத்திலும் படம் எடுக்க விடமாட்டார்கள், கேமராவைப் பையில் போட்டுவிட்டு நூலகத்தின் கூரை ஓவியத்தை அண்ணாந்து பாருங்கள்.

மெல்க்கில் இருந்து கிரெம்ஸ் வரை சுமார் 36 கிலோமீட்டர், அதுதான் வாகாவ் பள்ளத்தாக்கு. இந்த நேரத்தில் கேபினில் தூங்குகிறவர்களை மன்னிக்க முடியாது. மேல்தளத்தில் இடது பக்கம் உட்காருங்கள், கப்பல் கிழக்கே போவதாக வைத்துச் சொல்கிறேன். வில்லண்டார்ஃப், ஸ்பிட்ஸ், டியூர்ன்ஷ்டைன் எல்லாம் அந்தக் கரையில். சரிவில் சிமெண்ட் இல்லாமல் கல் அடுக்கி, படிப்படியாகத் திராட்சை வைத்திருப்பார்கள். டீ எஸ்டேட்டில் கல்கட்டு பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சுவர் எங்கே வயிறு தள்ளியிருக்கிறது, எங்கே புதுசாகக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லாமலே தெரியும். டியூர்ன்ஷ்டைனில் நீலக் கோபுரம் வைத்த சர்ச், மேலே இங்கிலாந்து ராஜா ரிச்சர்டை 1192இல் அடைத்துவைத்த கோட்டையின் இடிபாடு. கோட்டைக்கு ஏற அரை மணி நேரம், பாதை கரடு. மழை பெய்திருந்தால் விட்டுவிடுங்கள்.

வியன்னாவில் பஸ் சுற்றுலாவுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கப்பல் பெரும்பாலும் ரைஷ்பிரூக்கே பாலத்துக்குப் பக்கத்தில் கட்டுவார்கள். அங்கிருந்து ஃபோர்கார்ட்டன்ஷ்ட்ராஸே மெட்ரோ நிலையத்துக்கு நடந்து, யு1 வண்டி ஏறினால் நாலாவது நிறுத்தம் ஷ்டெஃபான்ஸ்பிளாட்ஸ். படி ஏறி வெளியே வந்தால் கதீட்ரல் முகத்துக்கு நேரே நிற்கும். டிக்கெட் வாங்கினால் போதாது. நேரம் அச்சாகாத டிக்கெட் என்றால், பிளாட்பாரத்துக்கு இறங்கும் முன் சின்ன மெஷினில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட், டிக்கெட் இல்லாத மாதிரிதான். பரிசோதகரிடம் "தெரியாது" என்பது எடுபடாது.

இந்த வியன்னா ஒரு காலத்தில் பாஸாவ் ஆயரின் ஆளுகைக்குள் இருந்த ஊர். அதனால்தான் இங்கேயும் அதே புனித ஸ்டீபன். வாசலோரப் பகுதிக்குக் காசில்லை, நடுக்கூடத்துக்குள் போக டிக்கெட். தெற்குக் கோபுரம் 136 மீட்டர், அதில் 343 சுழல்படி ஏறினால் காவல் அறை. படி குறுகல், எதிரே இறங்கி வருகிறவருக்குச் சுவரோடு ஒட்டி வழி விட வேண்டும். ஊட்டியின் 2,240 மீட்டரில் வாழ்கிறவர்களுக்கு மூச்சு வாங்காது, முட்டிதான் முனகும். முட்டி வலி உள்ளவர்களுக்கு வடக்குக் கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது. அங்கேதான் 20 டன் எடையுள்ள பும்மரின் மணி தொங்குகிறது. 1683 முற்றுகையில் தோற்ற துருக்கியர் விட்டுப்போன பீரங்கிகளை உருக்கி 1711இல் முதலில் வார்த்தார்கள். 1945 ஏப்ரலில் கூரை எரிந்தபோது மணி விழுந்து நொறுங்கியது, அந்தத் துண்டுகளையும் சேர்த்து 1951இல் மறுபடி வார்த்தது இப்போது இருப்பது. கலெக்டர் ஆபீஸ் மேட்டில் பார்த்த திப்பு வீட்டு உத்திரம் ஞாபகம் வருகிறதா? இதைச் சொல்லித்தரும் வழிகாட்டி அங்கே கிடைக்கமாட்டார், அதனால்தான் முதலில் ஊட்டி என்றேன்.

அடுத்து ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் செயின்ட் மார்ட்டின் கதீட்ரல், 1563 முதல் 1830 வரை ஹங்கேரி ராஜாக்களுக்கு முடிசூட்டிய இடம். கோபுர உச்சியில் சிலுவைக்குப் பதிலாக முலாம் பூசிய கிரீடம் இருக்கும். ஒரு மணி நேரம்கூட வேண்டாம். பக்கத்திலேயே உரசிக்கொண்டு போகும் நெடுஞ்சாலையைப் பார்த்தால் வயிறு எரியும், அவ்வளவுதான்.

பையில் இருக்க வேண்டியது: கழிப்பறைக்கு 50 சென்ட், ஒரு யூரோ நாணயங்கள். பறவை பார்க்க வாங்கிய 8×42 பைனாகுலர் வீட்டில் இருந்தால் கட்டாயம் எடுங்கள், கூரை ஓவியத்துக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. கைடு பேசுவதைக் கேட்கக் கப்பலில் கொடுக்கும் காதுக் கருவியை ராத்திரியே சார்ஜில் போடுங்கள். கைடை விட்டுத் தள்ளிப் போனால் கரகரக்கும், அது கெட்டுப்போனதால் இல்லை. கப்பலில் கொடுக்கும் அன்றைய நிகழ்ச்சித் தாளில் கப்பல் நிற்கும் துறையின் பெயரும் போன் நம்பரும் இருக்கும், அதைப் படமெடுத்து வையுங்கள். சில ஊர்களில் பயணிகள் கரையில் இருக்கும்போதே கப்பல் வேறு துறைக்கு மாறிவிடும். காந்தல் குருசடி மாதிரி செருப்பைக் கழற்றத் தேவையில்லை, அந்தக் கல் தரையில் வெறுங்காலோடு நின்றால் காய்ச்சல்தான் வரும். ஆனால் ஆண்கள் குல்லாவைக் கழற்ற வேண்டும், தோள் மூடியிருக்க வேண்டும். பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்கக் கூடாது, உட்கார்ந்து முழுப் பூசையும் கேட்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் ஊட்டி ஸ்வெட்டரே தாங்கும். ஜூலையில் வியன்னா 30 டிகிரிக்கு மேல் போகும், மலைக்காரர்கள் துவண்டுவிடுவார்கள்.

கேபினுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். பிரெஞ்சு பால்கனி என்பது ஒரு கண்ணாடிக் கதவும் கம்பியும்தான், நாற்காலி போட இடம் கிடையாது. துறையில் இடமில்லாமல் இரண்டு மூன்று கப்பல்களை ஒட்டிக் கட்டும்போது அந்தப் பால்கனியில் தெரிவது அடுத்த கப்பல்காரரின் படுக்கை. கீழ்த்தளத்தில் நடுப்பகுதி போதும், பின்பகுதியில் எஞ்சின் சத்தம் தூங்க விடாது.

நியூரம்பெர்க்கில் ஏறுவதா பாஸாவில் ஏறுவதா என்று கேட்பவர்களுக்கு: பாஸாவ். நியூரம்பெர்க்கில் இருந்து பாஸாவுக்கு வரும் வழியில், ஷ்ட்ராவ்பிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் நடுவில் ஆற்றுக்கு அணை கிடையாது. கோடைக் கடைசியில் தண்ணீர் இறங்கினால் முதலில் கப்பல் தட்டுவது அங்கேதான். அப்போது பெட்டியைக் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, அடுத்த பக்கம் நிற்கும் வேறொரு கப்பலில் இறக்குவார்கள்.

விசா விஷயத்தில் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாஸாவ் முதல் புடாபெஸ்ட் வரை கப்பல் மட்டும் என்றால் அது பெரும்பாலும் ஆஸ்திரியாவாக அமையும். ஷ்டுட்கார்ட்டில் மகன் வீட்டில் இரண்டு வாரம் தங்கிவிட்டுக் கப்பல் ஏறினால் ஜெர்மனி. இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விரல் ரேகைக்கு நேரில் மலை இறங்க வேண்டியிருக்கும், மழைக்காலத்தில் ரோடு அடைபடும் நாளாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் எடுக்காதீர்கள்.

கடைசி ஊர் புடாபெஸ்ட். இங்கே செயின்ட் ஸ்டீபன் பசிலிக்கா இருக்கிறது, ஆனால் இவர் வேறு ஸ்டீபன், ஹங்கேரியின் முதல் ராஜா. உள்ளே கண்ணாடிப் பேழையில் அவருடைய வலது கை. கட்டிடத்தின் உயரம் 96 மீட்டர், பார்லிமென்ட்டும் அதே 96, ஹங்கேரியர் வந்து குடியேறிய 896ஐக் குறிக்க. காலை ஒன்பது மணிக்குள் கப்பலை விட்டு இறக்கிவிடுவார்கள், விமானம் ராத்திரிக்கு என்றால் பகல் முழுக்கக் கையில் இருக்கும். பெட்டியை எங்கே வைக்கலாம் என்று முந்தின நாளே ரிசப்ஷனில் கேட்டுவிட்டு, 1896இல் ஓடத் தொடங்கிய எம்1 மெட்ரோவில் பாய்ச்சி-ஜிலின்ஸ்கி நிறுத்தத்தில் இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பூசை முடிந்து மத்தியானம்தான் சுற்றிப் பார்க்க விடுவார்கள். இந்த நாட்டுப் பணம் யூரோ இல்லை, ஃபோரின்ட். டிக்கெட்டுக்கு கார்டு நீட்டினால் போதும், மெழுகுவத்திக்கு மட்டும் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.