வலது காலைப் பாருங்கள்

போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவன் பட்டறைக்கு வந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கையில் போன், போனில் ஒரு ரீல்ஸ். முன்சக்கரம் வானத்தைப் பார்த்து நிற்க, ஓட்டுகிறவர் இரண்டு கைகளையும் விரித்தபடி சாவகாசமாக வட்டமடிக்கிறார்.

"அண்ணா, நீங்க முன்னாடி இதெல்லாம் பண்ணுவீங்களாமா. எனக்கு நோ ஹேண்டர் மட்டும் சொல்லிக்குடுங்ண்ணா. சாதா வீலிங் வரும்."

வீலிங்கில் இருக்கும்போதே ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிடுவதுதான் நோ ஹேண்டர். அது மட்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பதிவே.

"சரி, இந்த வீடியோவுல அவரோட வலது கால் என்ன பண்ணுது, சொல்லு" என்றேன். மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. எடுத்தவர் விரிந்த கையும் சிரித்த முகமும் தெரிகிற மாதிரி எடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, பார்க்கிறவர்களுக்கும் அதுதான் வேண்டும். ஆனால் வித்தை இருப்பது அந்த வெட்டப்பட்ட பகுதியில்.

சின்ன வயதில் விளக்குமாற்றைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோவோம். வீலிங்கும் கிட்டத்தட்ட அதுதான். முன்சக்கரம் ஏற ஏற, வண்டியும் ஆளும் சேர்ந்த எடை பின்டயர் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே நகர்ந்து வரும். அந்த இடத்துக்குப் பேலன்ஸ் பாயிண்ட் என்று பெயர். அதற்கு இந்தப் பக்கம் இருந்தால் வண்டி முன்னால் விழப் பார்க்கும், அந்தப் பக்கம் போனால் நம்மை மல்லாக்கத் தள்ளும். ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் ஏறும். பின்பிரேக்கைத் தொட்டால் இறங்கும். இந்த இரண்டும்தான் ஆயுதம்.

இப்போது கையை எடுத்துவிட்டால் ஆக்ஸிலேட்டர் போயிற்று. அப்புறம் வண்டியை எது நகர்த்தும்? ஐட்லிங்தான், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோதும் இஞ்சின் தானாக ஓடுகிற வேகம். என் பழைய பல்சர் 180 கம்பெனியிலிருந்து வரும்போது 1,400 ஆர்பிஎம் வாக்கில் ஓடிக்கொண்டிருக்கும். நோ ஹேண்டருக்காக அந்த ஸ்க்ரூவை ஏற்றிக்கொண்டே போய், 3,500 பக்கம் வந்தபோதுதான் எனக்குச் சரிப்பட்டது. முதல் கியரில் வண்டி தானாகவே உந்தும். அந்த உந்துதல் முன்சக்கரத்தை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும், வலது கால் பிரேக்கை அழுத்தி இறக்கிக்கொண்டே இருக்கும். விடாத இழுபறி. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி ஆடாமல் நிற்பதாகத் தோன்றும். உள்ளே பாதம் ஒரு விநாடிக்குப் பலமுறை துடித்துக்கொண்டிருக்கும். தையல் மெஷின் மிதிக்கிற கால் மாதிரி, ஆனால் மயிரிழை அளவுக்கு.

ஐட்லிங் குறைவாக இருந்தால் மூக்கு பொத்தென்று இறங்கும். அதிகமாக இருந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். எனக்குப் பின்னால் டிரம் பிரேக் வேறு. பத்து நிமிடம் வட்டமடித்தால் வாசனை வரும். பிறகு இங்கே கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் உட்கார்ந்து டிஸ்க்குக்கு மாற்றினேன். ட்வெல்வ் பாரும் அங்கேதான் வெல்டிங் வைத்தோம். தெரியாதவர்களுக்கு: வண்டி செங்குத்தாகப் பின்னால் சாயும்போது முதலில் தரையில் உரசுவதற்காக வால் பக்கம் மாட்டும் இரும்புக் குழாய் அது. கடிகாரத்தில் 12 மணி முள் மாதிரி நிற்பதால் அந்தப் பெயர். பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் 60 பல்லுக்கு மாற்றினோம். ஏன் என்றால், வண்டி மெதுவாகப் போக வேண்டும்.

இதைச் சொன்னால்தான் பையன்கள் நம்புவதில்லை. ஸ்டண்ட் வண்டி மெதுவான வண்டி. பெரிய ஸ்ப்ராக்கெட் போட்டால் டாப் ஸ்பீடு செத்துவிடும், அது தெரிந்தேதான் போடுகிறோம். வட்டத்தில் நோ ஹேண்டர் அடிக்கும்போது பக்கத்தில் ஒருவர் வேகமாக ஓடினால் கூடவே வரலாம், அவ்வளவுதான் வேகம். தவறினால் வண்டியை விட்டுவிட்டுப் பின்னால் கால் ஊன்றி இறங்கி நாலு எட்டு ஓடலாம். இடுப்பிலிருந்து கில் ஸ்விட்ச்சுக்கு ஒரு கயிறு கட்டியிருந்தால் இஞ்சினும் அணைந்துவிடும். மைதானத்தில் நாங்கள் முதலில் பழகியதே இந்த இறங்கி ஓடுவதைத்தான். தூக்கப் பழகுவதற்கு முன்னால் விழப் பழகினோம்.

2016 செப்டம்பரில் டக்கி லாம்ப்கின் என்கிற ஆங்கிலேயர் பிரிட்டன் பக்கத்து மேன் தீவில் டிடி என்கிற பைக் பந்தயம் நடக்கும் 60 கிலோமீட்டர் சாலையையும் ஒரே வீலிங்கில் சுற்றி வந்தார். ஒன்றரை மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக ஆனது. கணக்குப் போட்டால் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தொடவில்லை. உக்கடத்துக்குப் போகிற டவுன் பஸ்கூட காலி ரோடு கிடைத்தால் அதைவிட வேகமாகப் போகும். அவர் டிரையல்ஸ் விளையாட்டில் பல முறை உலக சாம்பியன். பாறை மேலும் மரக்கட்டை மேலும் வண்டியை நத்தை வேகத்தில், காலைத் தரையில் வைக்காமல் ஏற்றுகிற விளையாட்டு அது. ஸ்டண்ட் உலகத்தில் எங்கள் தலைமுறைக்குக் குரு மாதிரி இருந்த ஜெர்மானியர் கிறிஸ் ஃபைஃபரும் (2022இல் காலமானார்) டிரையல்ஸிலிருந்து வந்தவர்தான். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மெதுவாகப் போவதையும் பிரேக்கையும் குழந்தைப் பருவத்திலேயே கற்றவர்கள் அவர்கள். நம் பையன்கள் முதலில் கற்பது முறுக்குவதை.

முறுக்குவதில் என்ன ஆபத்து என்பதை நான் என் முதுகெலும்பின் கடைசி முனையில் கற்றுக்கொண்டேன். சரவணம்பட்டி தாண்டி அப்போது நிறைய இடங்களில் பிளாட் போட்டுத் தார் ரோடும் மனைக்கல்லும் மட்டும் இருக்கும், வீடு வந்திருக்காது. ரியல் எஸ்டேட்காரர்கள் எங்களுக்குச் செய்த ஒரே புண்ணியம் அது. அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழகுவோம். எனக்கு ஹேண்டில்பாரில் கிளட்ச்சுக்குக் கீழே இன்னொரு லீவர் இருந்தது, விரலால் பின்பிரேக் பிடிக்க. ஒரு வருடம் அதை வைத்தே எல்லா வட்டமும் அடித்தேன். நல்ல பெயரும் வந்தது. பிறகு ஒரு நாள், சரி கையை விடலாம் என்று விட்டேன்.

வண்டி கொஞ்சம் தாண்டியது. கால் தூங்கிக்கொண்டிருந்தது, ஒரு வருடமாக அதற்கு வேலையே கொடுக்கவில்லையே. பயத்தில் இரண்டு கையும் பாய்ந்துபோய் ஹேண்டில்பாரைப் பிடித்தன. பிடித்த வேகத்தில் வலது மணிக்கட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டது. இறங்க வேண்டிய நேரத்தில் நானே வண்டியை இன்னும் ஏற்றிக்கொண்டேன். ட்வெல்வ் பார் தாரில் பொறி பறக்க உரசியது, வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பதினைந்து நாள் தலையணை போட்டுத்தான் உட்கார்ந்தேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "கைய விட்டுட்டு ஓட்டறதுக்கு எதுக்குடா ஹேண்டில்பார் வச்சிருக்கான்?"

அவர் திட்டியதாகத்தான் அன்று நினைத்தேன். யோசித்தால் அதுதான் பாடமே. பயந்தால் கை பிடிக்கும், பிடித்தால் முறுக்கும். பயந்த நேரத்தில் கைக்கு முன்னால் கால் போக வேண்டும். அப்படிப் போகிற அளவுக்குக் கால் பழகிவிட்டதா என்பதற்கான பரீட்சைதான் நோ ஹேண்டர். தேர்வு எழுதுவதையே யாரும் பாடமாகப் படிக்க முடியாது. எனக்கு அந்தக் காலைத் தயார் செய்ய இன்னொரு எட்டு மாதம் ஆனது. ஹேண்ட் பிரேக் லீவரைக் கழற்றி வீட்டுப் பரண்மேல் போட்டுவிட்டுப் பழகினேன்.

இப்போது ரோட்டில் வீலிங் செய்கிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அவர்கள்மேல் கோபம், ஆனால் டிவி விவாதத்தில் வருகிற கோபம் இல்லை. அவர்கள் செய்வது இந்த விளையாட்டே இல்லை. கம்பெனி ஸ்ப்ராக்கெட், 80, 100 கிலோமீட்டர் வேகம், வெறும் இஞ்சின் பலத்தால் தூக்கிய முன்சக்கரம். பேலன்ஸ் பாயிண்ட் பக்கமே போவதில்லை. பிரேக்கில் கால் இருப்பதே இல்லை. காற்றில் தொங்குகிற முன்சக்கரம் ஒரு விரல்கடை திரும்பி இறங்கினால் போதும், ஹேண்டில்பார் இடமும் வலமுமாக அடித்து ஆளைத் தூக்கி எறியும். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு யூடியூபர் விழுந்த வீடியோவை எல்லாரும் பார்த்தோம். நல்ல ஜாக்கெட், நல்ல ஹெல்மெட், விலை உயர்ந்த வண்டி. அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் பத்து ஆண்டுகளுக்கு முடக்கினார்கள். சிலருக்கு அது அதிகம் என்று பட்டது. எதிரே ஒரு குடும்பம் டிவிஎஸ் 50இல் வந்திருந்தால் என்று யோசித்தால் எனக்கு அப்படிப் படவில்லை.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த தண்டனை அதற்கு முந்தைய வருடம் வந்தது. சென்னை அண்ணா சாலையில் வீலிங் செய்த ஹைதராபாத் இளைஞருக்கு உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தபோது போட்ட நிபந்தனை: தேனாம்பேட்டை சிக்னலில் நின்று சாலைப் பாதுகாப்பு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் உதவியாளாக வேலை செய்ய வேண்டும். அந்த வார்டில் ஒரு காலைப்பொழுது நின்றவனுக்கு என் மாதிரி ஆட்களின் அறிவுரை தேவைப்படாது.

பெற்றோர்களுக்கு ஒன்று. பையனுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால், 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி உங்களுக்கே மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தெரிந்துகொண்டு சாவியைக் கொடுங்கள்.

ரோடு வேண்டாம் என்றால் வேறு எங்கே என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி, என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. கோவையில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. ரேஸ் ஓட்டப் பழக நினைக்கிறவனுக்கு அங்கே வழி உண்டு. நூறு அடிக்கு நூறு அடி சமதளமும் நாலு பக்கம் டயர் அடுக்கிய வேலியும் மட்டும் கேட்கிற எங்களுக்கு எனக்குத் தெரிந்து அப்படி ஒன்று இல்லை. நாங்கள் பழகிய மனைப்பிரிவுகளில் இப்போது எல்லாம் வீடு எழும்பிவிட்டது. வாசலில் கோலம் போட்டிருக்கிற தெருவில் போய் வண்டியைத் தூக்க முடியுமா?

இதில் கல்லூரிகள் அடிக்கிற கூத்து தனி. சில வருடங்களுக்கு முன் ஒரு தனியார் கல்லூரியில் கல்ச்சுரல்ஸுக்கு ஷோ செய்யக் கூப்பிட்டார்கள். குட்டியானையில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு போனோம் (மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டிப் போவதில்லை, அது எங்கள் குழுவின் விதி). போய்ப் பார்த்தால் கான்கிரீட் கல் பதித்த முற்றம், அதில் மணல். தடுப்பு என்று ஒரு நைலான் கயிறு. கயிற்றை ஒட்டி மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நோ ஹேண்டர் இங்கே முடியாது என்றேன். ஒருங்கிணைப்பாளர் முகம் சுளித்தார். என் குழுவிலேயே ஒரு பையன், "நான் பண்றேன் சார்" என்றான். பண்ணினான். மூன்றாவது வட்டத்தில் பின்டயர் மணலில் வழுக்கியது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி மட்டும் படுத்தபடியே சறுக்கிப் போய் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் கணுக்காலில் இடித்து நின்றது. எலும்பில் விரிசல். அன்று மாலையே வளாகத்துக்குள் பைக் தடை என்று போர்டு மாட்டினார்கள். கயிறு கட்டியவர்களைப் பற்றி யாரும் போர்டு மாட்டவில்லை. அவனைத் தடுக்காத எனக்கும் அதில் பங்கு உண்டு. அதன் பிறகு நான் ஷோ செய்யவில்லை.

ஆகவே தம்பி, நீ கேட்டதற்கு முடியாது என்று நான் சொல்லவில்லை. அன்று அவனிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். வண்டியைத் தொடாதே. முதலில் ஒரு சைக்கிள் கொண்டு வா. பின்பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி இருபது எண்ணும் வரை நிறுத்து. பின்னால் போகும்போது பிரேக் பிடித்து இறங்குவது தூக்கத்திலும் வர வேண்டும். அப்புறம் மோட்டார் வண்டியில் ஐட்லிங்கை ஏற்றி, இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, வலது கால் பிரேக்கால் மட்டும் வேகத்தைக் கட்டுப்படுத்தி ஒரு மாதம் வட்டம் அடி. தூக்குவதெல்லாம் அதற்கப்புறம்.

முகம் சுருங்கிவிட்டது. "சைக்கிளாண்ணா?" என்றான். "சைக்கிள்தான்" என்றேன். இனி வரமாட்டான் என்றுதான் நினைத்தேன்.

இன்று காலை வந்தான். பள்ளிக்கூட நாளில் ஓட்டிய பழைய சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, டயருக்குக் காற்று அடித்து, மணிகூட மாட்டியிருந்தான். பின்பிரேக் ஒயர் மட்டும் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.