அடாப்டர் மட்டும் போதாது
லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் வளையமான அடாப்டர் இருந்தால் எந்தப் பழைய லென்ஸும் எந்த கேமராவிலும் வேலை செய்யும் என்று இந்தக் கட்டுரையில் இருப்பது பாதி உண்மைதான். என்னிடம் உள்ள ஹீலியோஸ் 44-2 என்ற பழைய 58 மி.மீ. லென்ஸை (எம்42 எனும் திருகு மவுன்ட் கொண்டது) நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மாட்டியபோது, இரண்டு மீட்டருக்கு அப்பால் எதுவுமே ஃபோகஸ் ஆகவில்லை. காரணம் எளிது: எம்42 லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தூரத்தில் உட்கார வேண்டும், நிக்கான் டிஎஸ்எல்ஆரின் எஃப் மவுன்ட்டிலோ (லென்ஸ் மாட்டும் வாய்) அந்தத் தூரமே 46.5 மி.மீ., அதனால் லென்ஸ் தேவைக்கு மேல் தள்ளி உட்கார்ந்துவிடுகிறது. உள்ளே இதைச் சரிசெய்யும் சிறு லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். தூரக் காட்சி கிடைக்கும், ஆனால் நான் வாங்கியதில் லென்ஸின் துளையை (அப்பர்ச்சர்) முழுதாகத் திறந்து எடுத்தால் படம் மங்கிப்போனது. அந்த லென்ஸின் அழகே போய்விட்டது. அப்புறம் உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத சோனி மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினேன். அதில் இந்தத் தூரம் 18 மி.மீ.தான், மீதித் தூரத்தை நிரப்ப சாதாரண உலோக வளையமே போதும். பழைய லென்ஸை கேமரா அடையாளம் காணாது என்பதால், மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி மாற்றி, கேமராவில் ஸ்டெபிலைசேஷன் (கை அசைவைச் சமாளிக்கும் வசதி) இருந்தால் அதில் லென்ஸின் குவியத் தூரமான 58 என்று குறித்துவிடுங்கள்.