ஜிடிஏ 6 பிஎஸ் 5-ல மட்டும்தானா? யாரு சொன்னது?
வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பசங்க குரூப்புல ஒரு ஃபார்வர்டு சுத்திட்டு கீது, ஜிடிஏ 6 கேம் சோனியோட பிஎஸ் 5 கன்சோல்ல மட்டும்தான் வருதாம், மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்பாக்ஸ் கன்சோல் வெச்சிருக்கவன்லாம் இப்பவே வித்துடணுமாம். சுத்த டுபாக்கூர்பா இது. 2023 டிசம்பர்ல முதல் டிரெய்லர் உட்டப்பவே, கேம பண்ற ராக்ஸ்டார் கம்பெனி பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் மூணு பேரையும் போட்டுட்டாங்க. 2025 மே மாசம் வந்த ரெண்டாவது டிரெய்லர பிஎஸ் 5-ல ஓடவிட்டு எடுத்தோம்னு சொன்னாங்க, அத புடிச்சுக்கினு எவனோ கத கட்டிட்டான் போல.

எத வாங்கலாம்னா, சீரிஸ் எஸ்-ல மெமரி 10 ஜிபிதான், மத்த ரெண்டுலயும் 16, அதனால படம் அந்தளவுக்கு பளிச்சுனு இருக்காதுன்னு என் நெனப்பு, அதுவும் இல்லாம அதுல டிஸ்க் போடவே வழி இல்ல, பர்மா பஜார்ல பழைய டிஸ்க் வாங்கி மாத்தி மாத்தி ஆடற நம்மாளுங்களுக்கு செட்டே ஆவாது. எங்கிட்ட கேட்டா ஃப்ரெண்ட்ஸ் எதுல ஆடறாங்களோ அதையே வாங்கு. ஆனா செகண்ட் ஹேண்ட் பிஎஸ் 4 மட்டும் வாணாம், ராக்ஸ்டார் சொன்ன லிஸ்ட்லயே அது இல்ல. அவசரமும் வேணாம், 2025 நவம்பர்ல ரிலீஸ தள்ளி வெச்சப்ப சொன்ன தேதி 2026 நவம்பர் 19.