கெர்னலை மட்டும் வெட்டினால் போதுமா?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் தேவையில்லாத டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் பகுதிகளை) நீக்கிவிட்டால் லினக்ஸ் எந்தச் சின்னக் கருவியிலும் ஓடிவிடும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது பாதி வேலைதான். மீதி இடத்தைத் தின்பது மேலே இருக்கும் நிரல்கள். அதனால்தான் ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டி போன்றவற்றில் கிளிப்சி என்ற பெரிய அடிப்படை நூலகத்துக்குப் பதில் சிறிய மசில்; ls, cp, grep போன்ற கட்டளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து பிஸிபாக்ஸ் என்ற ஒரே நிரல்.

கோப்பு அமைப்பைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே! ரவுட்டரில் அடிப்படை அமைப்பு ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பில் சுருக்கி, எழுத முடியாதபடி வைக்கப்படுகிறது. நாம் செய்யும் மாற்றங்கள் அதன்மேல் ஓர் அடுக்கில் தனியாகச் சேரும். ரீசெட் செய்தால் அந்த மேலடுக்கு மட்டும் அழியும், அவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு: அடிப்படை அமைப்போடு கூடவே வந்த பேக்கேஜை (நிரல் தொகுப்பை) நீக்கினால் இடம் மிச்சமாகாது, மேலடுக்கில் 'நீக்கப்பட்டது' என்று எழுதும் குறிப்புக்கும் கொஞ்சம் இடம் போகும். புதிதாக வருபவர்கள் இதில்தான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், 'எந்தக் கருவியிலும்' என்பது ரொம்ப அதிகம். லினக்ஸில் ஓடிய லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர், 2005-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறு இயங்குதளத்துக்கு மாறியது. சேமிப்பு இடமான ஃபிளாஷை 2 எம்பியாகவும் ரேமை 8 எம்பியாகவும் குறைத்துவிட்டார்கள். லினக்ஸ் வேண்டும் என்பவர்களுக்காக டபிள்யூஆர்டி54ஜிஎல் தனியாக வந்தது. 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் உள்ள கருவிகளை ஓபன்டபிள்யூஆர்டியே தன் 19.07 பதிப்புக்குப் பிறகு கைவிட்டது. டிரைவரை வெட்டத் தெரியாதவர்களா அவர்கள்?