சக்கரத்தை உற்றுப் பார்ப்பது போன் தந்த பழக்கமா?

"குழந்தை மின்விசிறியையும் பொம்மைக் கார் சக்கரத்தையுமே உற்றுப் பார்க்கிறதா? போன் பார்த்து வந்த பழக்கம். தடுத்தால் ஆட்டிசம் சரியாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதில் டொனால்ட் என்ற சிறுவன் பாத்திரங்களைச் சுழலவிட்டு ரசித்தான். அப்போது ஏது போன்? ஒளி, அசைவு மீதான இந்த ஈர்ப்பை 2013-ல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடே ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறது. அது மட்டுமே இருந்தால் ஆட்டிசம் என்றும் அர்த்தமில்லை.

இப்படிப் பார்ப்பது மூளை மந்தம் என்று நினைப்பதும் சரியல்ல. சிக்கலான படத்துக்குள் ஒளிந்திருக்கும் சிறு வடிவத்தைக் கண்டுபிடிப்பதில் ஆட்டிசக் குழந்தைகள் மற்றவர்களை முந்தியதை 1983-ல் உளவியலாளர்கள் அமித்தா ஷா, ஊட்டா ஃபிரித் செய்த ஆய்வு காட்டியது. எல்லாரும் அப்படி என்றில்லை.

என் அக்கா மகன் மொசைக் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, ஜன்னல் கம்பி வழியே விழும் வெயில் ஒவ்வொரு கல்லாக நகர்வதைப் பார்ப்பான். அவனை வெடுக்கென்று இழுத்தால் அழுகைதான் மிச்சம். இப்போதெல்லாம் நானும் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். போன வாரம் என் விரலைப் பிடித்து ஒரு பச்சைக் கல்லின் மேல் வைத்தான்.